முள்ளனின் முதுகில்

மூன்றாவது நத்தையும் தொட்டிக் கண்ணாடியிலிருந்து கழன்று விழுவதற்குள் அவள் முழங்கை வரை கையை உள்ளே விட்டிருந்தாள். பிடித்துவிட்டாள். மணலில் மல்லாந்து விழுந்தால் அதற்குத் தானாக நிமிர வராது. கிடந்தே செத்துப் போகும். நல்ல உப்புநீர் வைத்திருந்த வாளியில் அதை மெல்ல இறக்கினாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் லென்ஸ் பொருத்துகிறவளுக்கு, கூடத்துக் கடல்நீர்த் தொட்டிதான் உலகம். மீன்கள் அவளுக்கு ஆகாது, சும்மா அலைபாயும் ஜென்மங்கள். நத்தைகள், ஒரு கடல் அட்டை, அப்புறம் முள்ளன் என்கிற கடல் முள்ளெலி. முள்ளன், வழியில் சிப்பியோ உடைந்த பவளமோ எது கிடந்தாலும் முதுகில் ஏற்றிக்கொண்டு அசைந்து வருவான். "உன் சோம்பேறிப் பட்டாளம் இன்னிக்கு எத்தனை அங்குலம் நடந்துச்சு?" என்று மெக்கானிக் புருஷன் தினமும் சீண்டுவான். கிரீஸ் கையோடு அவன் தொட்டிப் பக்கமே வரக்கூடாது என்பது அவள் சட்டம்.

சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டினாள். நிறம் மாறியது.

செம்பு! நத்தைக்கு அது விஷம்.

அவள் பார்வை மெல்லத் திரும்பி, சோபா ஓரம் இருந்த செம்பு பாட்டிலில் போய் நின்றது. நாத்தனாருடையது. தன் புருஷனோடு ஒத்துவராமல் போன மாதம் பெட்டியோடு வந்தவர். கூடத்தில்தான் படுக்கை. தொட்டி மோட்டார் சத்தத்தில் தூக்கமே இல்லை என்று வந்த அன்றே முணுமுணுத்தவர். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

"அண்ணி, தொட்டில என்னத்த ஊத்துனீங்க?"

"நானா? எனக்கு வேற வேலை இல்லையா?"

"அப்ப பேயா வந்து ஊத்துச்சு? பகல்ல இங்க இருக்கறது நீங்க மட்டும்தான்."

நாத்தனார் வாயெடுத்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தம்பியை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். திருட்டு முழி என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

"என்ன சத்தம்?" என்றான் அவன்.

"உங்க அக்கா என் நத்தைங்கள கொல்றாங்க. இனிமே ஒண்ணு அவங்க, இல்ல..."

"போதும்மா. நானே கெளம்பறேன்." நாத்தனார் பெட்டியை இழுத்துத் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தார்.

"அக்கா, இரு... அது வந்து..." என்றவன், வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் பாறை இடுக்கிலிருந்து முள்ளன் வெளியே வந்தான். முதுகில் ஒரு சிப்பி, ஒரு பவளத் துண்டு. இரண்டுக்கும் நடுவே, பச்சை பூத்த வளையம்.

அவள் கண்ணாடியருகே குனிந்தாள். மூட்டுவலிக்கென்று புருஷன் போட்டிருந்த செம்புக் காப்பு! பட்டறையில் எங்கோ விழுந்துவிட்டது என்றானே போன வாரம்?

"உங்க காப்பு இதுக்குள்ள எப்படி வந்துச்சு? அப்ப நீங்கதானா?"

அவன் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்டா!" நாத்தனார் பெட்டியைப் படாரென்று மூடினார். "மத்தியானம் சாப்பிட வந்தா இவன் மொதல்ல சோத்துல கை வைக்க மாட்டாம்மா. மூணு தரம் சோப்பு போட்டுக் கழுவிட்டு, உள்ள கைய விட்டு, மல்லாந்து கெடக்கற நத்தைங்கள ஒண்ணொண்ணா நிமித்தி வைப்பான். அப்ப கழண்டதுதான் இந்தக் காப்பு. செத்துட்டா அவ தாங்க மாட்டாக்கா, சொல்லிராதேன்னு என்கிட்ட சத்தியம் வேற."

அவன் குழாயடிக்குப் போய் சோப்பை எடுத்தான்.