மூன்றாவது ரம்பம்

மூன்றாவது ரம்பத்தின் மேல் மிக்சி உட்கார்ந்திருந்தது. அச்சகத்தை மூடிப் பன்னிரண்டு வருடம் ஆன ஒருவரின் வீட்டில், பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, அதைச் சமையல் மேடைக்கு ஒத்தாசையாக நிறுத்தியிருந்தார்கள். விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். வழுக்கி நகரும் சின்ன மேசை, வரியைப் பிடித்துக்கொள்ளும் கவ்வி, அளவுகோல், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வட்ட ரம்பம். ஈயத்தில் வார்த்த எழுத்து வரிகளை மயிரிழை பிசகாமல் நறுக்குவதற்கென்றே செய்த இயந்திரம். "அத எடுத்துட்டா மிக்சிய எங்க வைக்கிறது?" என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டார். நியாயமான கேள்வி. மறுநாள் ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு ரம்பத்தைத் தூக்கி வந்தேன்.

நான் அச்சகத்தில் வேலை பார்த்தவன் இல்லை. முப்பத்து நான்கு வருடம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு ஃபிட்டர். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கத் தெரியாமல் பழைய இரும்புக் கடைகளைச் சுற்றியபோது முதல் ரம்பம் அகப்பட்டது. துரு நீக்கி, பேரிங் மாற்றி, ஓடவிட்டேன். கையால் அச்சடிப்பதை ஆசைக்குச் செய்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள் என்பதும், அவர்கள் இந்த ரம்பத்துக்காக ஆலாய்ப் பறக்கிறார்கள் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. "எல்லாரும் வாயாலதான் ரம்பம் போடுவாங்க. இவரு நிஜமாவே போடுறாரு" என்று என் மனைவி மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். மருமகனுக்கு வெளியூரில் வேலை என்பதால் மகள் எங்களோடுதான் இருந்தாள். அவளுடைய பெண்ணுக்கு ஒன்றே முக்கால் வயது. வாண்டு என்று கூப்பிடுவோம்.

இந்த மூன்றாவது ரம்பத்தின் அடிப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே கெட்டியாக ஈயத்தூள் அடைந்திருந்தது. எத்தனையோ வருடம் நறுக்கிய வரிகளின் தூள். பல்லிடுக்கிலும் திருகு மரையிலும்கூடப் புகுந்திருந்தது. பிரஷ் போட்டுத் தேய்த்தால் அரை வருடம் ஆகும். கொல்லையில் வைத்து, கம்ப்ரசர் குழாயைப் பிடித்து ஊதினேன். முறையாகத் தொழில் கற்றவன் ஆயிற்றே, நல்ல முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் ஊதினேன். காலை வெயிலில் வெள்ளியாகப் புகை எழுந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழகாக இருந்தது. ஆறடி தள்ளிக் கொடியில் வாண்டுவின் கவுன்கள் காய்ந்துகொண்டிருந்தன. புகை அவற்றைத் தாண்டிப் போவதை நின்று பார்த்தேன். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, ஏழெட்டு வாரம் இப்படியே ஊதினேன். வேலை முடிந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டு, அதே சட்டையோடு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போவேன். அவள் என் காலரைச் சப்புவாள்.

பிறகு அவள் சாப்பிட மறுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பதினொரு வார்த்தை பேசிக்கொண்டிருந்தவள் நாலைந்தோடு நிறுத்திக்கொண்டாள். ரத்தம் குறைவு என்று சொன்ன குழந்தை டாக்டர், முகம் வெளுத்திருந்த வாண்டுவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தபடி கேட்டார்.

"வீட்ல யாராவது பேட்டரி, பெயின்ட், ஈயம்னு வேலை பாக்குறாங்களா?"

"இல்ல டாக்டர். அப்பாகூட ரிட்டயர் ஆயிட்டாரு" என்றாள் மகள்.

அந்தப் பதிலுக்குள் ஒளிந்துகொள்ள ஒரு நிமிடம் எனக்கு ஆசையாக இருந்தது. இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பிறகு, "நான் பாக்குறேன்மா. ஈயத்தூள்தான்" என்றேன். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

வாண்டுவுக்கும் எனக்கும் ரத்தம் எடுத்து, அதில் ஈயம் எவ்வளவு என்று சோதித்தார்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லையாம். வாண்டுவுக்கு முப்பத்தொன்று. எனக்கு ஆறு. முகமூடி நன்றாக வேலை செய்திருக்கிறது.

"மருந்து?" என்று கேட்டேன்.

"இந்த அளவுக்கு மருந்து குடுக்குறதில்ல சார். தூசி இல்லாத இடத்துல வைங்க. இரும்புச்சத்து சொட்டு தரேன். ஈயம் உடம்ப விட்டு மெதுவாத்தான் போகும்."

"பேச்சு?"

"அது இதனாலயா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்ப சொல்ல முடியாது."

இயந்திரம் எதுவானாலும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்ற திமிரில் அறுபது வயதைத் தாண்டியவன் நான். இதில் கழற்ற ஒன்றுமில்லை.

மகள் அன்றைக்கே நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினாள். என் மனைவி பையில் வைத்த துணிகளையும் பொம்மைகளையும் அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் வைத்தாள். கதவு சாத்திய பிறகு மனைவிதான் சொன்னாள். "நான்தானே அந்தத் துணியெல்லாம் உதறி உதறி மடிச்சு வச்சேன்."

பெருக்கக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முட்டி போட்டு வீடு முழுக்கத் துடைத்தோம், சுவர் உட்பட. துணியைப் பிழிந்த தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. வாளியோடு கொல்லைக்குப் போன பிறகுதான் அதை எங்கே ஊற்றுவது என்ற கேள்வி வந்தது. எங்கள் சாக்கடை பக்கத்து வீட்டு வாழை மரத்தடியில் போய்ச் சேர்கிறது. மண்ணில் ஊற்றினால் மண்ணில் இருக்கும். வாளியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றேன். கடைசியில் மூடி போட்ட டிரம்மில் ஊற்றினேன். இப்போது அப்படி மூன்று டிரம் இருக்கிறது. கேட்டுப் பார்த்த எந்த அலுவலகத்திலும் அவற்றை எடுத்துக்கொள்ள ஆளில்லை.

கையால் அச்சடிக்கும் ஆசைக்காரர்களில் இந்த ரம்பத்தை விலைக்குக் கேட்டிருந்த ஒருவர் நடுவில் போன் செய்தார். வேலை எப்போதோ முடிந்து அது பளபளவென்று நின்றுகொண்டிருந்தது.

"எப்ப வந்து எடுத்துக்கட்டும் சார்?"

"உங்க வீட்ல சின்னக் குழந்த இருக்கா?"

"ரெண்டு இருக்கு. ஏன் சார்?"

போனை வைத்துவிட்டேன்.

மாதம் ஒரு முறை வாண்டுவைப் பார்த்துவிட்டு வருவேன். குளித்து, புதுச் சட்டை போட்டு, நாத்தனார் வீட்டு வாசலோடு சரி. யாரும் தடுக்கவில்லை, நானேதான் நின்றுகொண்டேன். இரண்டாவது சோதனையில் இருபத்தேழு. மூன்றாவதற்கு மருமகனால் வர முடியவில்லை. என்னை வரச் சொன்னாள் மகள். மூன்று மாதத்தில் அவளாக என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நர்ஸ் வாண்டுவின் சட்டைக் கையை மேலே சுருட்டினார். "யாராச்சும் கைய அசையாம புடிங்க."

மகள் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். "நீங்க புடிங்கப்பா. என்னால முடியல."

என் கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன். காலையிலிருந்து எத்தனை முறை கழுவினேன் என்று கணக்கில்லை. ஒரு கையால் அவள் மணிக்கட்டையும் மறு கையால் முழங்கைக்கு மேலேயும் பிடித்தேன். ஊசி இறங்கியது. அவள் அலறவில்லை, கையை உருவிக்கொள்ளவும் பார்க்கவில்லை. ஊசியைக்கூடப் பார்க்கவில்லை. உதடு துடிக்க, கண் நிறைய, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஏதாவது செய்வேன் என்று. கண்ணாடிக் குழாயில் ரத்தம் ஏறியது. எல்லார் ரத்தத்தையும் போல அதுவும் சிவப்பாகத்தான் இருந்தது. நான் பிடியைத் தளர்த்தாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.