மாடியறையில் குடியிருப்பவர்

அம்மாவின் அலமாரியில் இடது பாதி முழுக்கத் தையல்காரருடைய சட்டைகள்தான். மகள் அவற்றை மாட்டிகளோடு அள்ளிக்கொண்டு திரும்பினாள். அறை வாசலில் தையல்காரர் தன் தலையணையோடு நின்றிருந்தார்.

"இதையும் மாடிக்குக் கொண்டு போயிடறேன், பாப்பா. சித்தி எப்ப வர்றாங்க?"

"அரை மணியில, அங்கிள்."

"அப்ப மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி... ஷேவிங் சாமானை நானே எடுத்துடறேன். நீ அலையாதே."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மனிதர் ஒத்தாசை அல்லவா செய்கிறார்!

கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். தூக்கத்திலேயே போய்விட்டாள். விடிந்ததும் தையல்காரர்தான் போன் செய்தார். "என் கையைப் புடிச்சுக்கிட்டேதான் தூங்கினா பாப்பா. கை சில்லுன்னு இருந்துச்சு, முழிச்சுப் பாத்தேன்."

ஒன்பது வருஷமாக இருவரும் ஒரே வீட்டில். அப்பா இறந்து மூன்றாம் வருஷம் அம்மா வேலை பார்த்த துணிக்கடைக்குக் கால்சட்டை வெட்டித் தைக்க வந்தவர் அவர். திருமணப் பதிவு விண்ணப்பத்தைக்கூட வாங்கி வைத்திருந்தாள் அம்மா. அப்போது மகளுக்கு வரன் கூடி வந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் மூன்று தலைமுறை விசாரிக்கிறவர்கள். அதோடு, இந்த நாட்டுக்கு யார் எந்த வழியாக வந்தார்கள் என்பதையும் விசாரிப்பார்கள். தையல்காரர் லாரிப் பெட்டிகளுக்கு நடுவே ஒளிந்து வந்து, எட்டு வருஷம் தங்கும் அனுமதிக் காகிதமில்லாமல் ஓட்டல்களில் தட்டுக் கழுவியவர்.

"கேட்டா என்னம்மா சொல்றது? என் கல்யாணம் முடியட்டும்." கல்யாணம் முடிந்தது. "குழந்தை பொறக்கட்டும்." குழந்தையும் பிறந்தது. மூன்றாம் முறை அம்மா கேட்கவில்லை. 'மாடியறையில் குடியிருப்பவர்' என்று அவருக்குப் பெயர் வைத்ததும் மகள்தான்.

சித்தி வந்தாள். அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு வந்தவர்களுக்கு டீ போடப் போனாள்.

"இந்த வீட்டுல சர்க்கரை எங்கதான் இருக்கு?"

"மேல் தட்டுல, ரவை டப்பாவுக்குப் பின்னாலங்க," என்றார் தையல்காரர், உட்கார்ந்த இடத்திலிருந்து.

சித்தி சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள். "குடியிருக்கறவருக்கு அடுப்படியெல்லாம் அத்துப்படி போல!"

மகள் அம்மாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

இறுதிச் சடங்கு ஏற்பாட்டுக் கம்பெனிக்காரர் படிவத்தோடு வந்தார். "கடைசி நேரத்துல கூட இருந்தது யாருங்க? பேரும் உறவும் எழுதணும்."

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். ஆனால் மாமியாரும் வீட்டு ஆட்களும் நேராகத் தகனக் கூடத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சித்தியின் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

தையல்காரர் எழுந்து நின்றார். "நான்தாங்க. மாடியில குடியிருக்கேன். காலையில சத்தத்தையே காணோமேன்னு எறங்கி வந்து பாத்தேன்."

"அப்ப, போகும்போது யாரும் பக்கத்துல இல்லையா?"

"இல்லைங்க."

"உங்களுக்கு என்ன உறவு?"

"உறவு ஒண்ணும் இல்லைங்க."

கம்பெனிக்காரர் எழுதி முடித்து, படிவத்தை மகள் பக்கம் திருப்பினார். "படிச்சுப் பாருங்கம்மா. எல்லாம் சரின்னா கையெழுத்துப் போடுங்க."

அவள் வரி வரியாகப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள். பேனா ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

புறப்படும்போது சித்தி கணக்காகச் சொன்னாள்: "இந்த வண்டி குடும்பத்துக்கு மட்டும்தான்."

"நான் வீட்டைப் பாத்துக்கறேன்," என்றார் தையல்காரர், யாரும் கேட்பதற்கு முன்பே. கேட்டை அவரே திறந்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார்.

பின் சீட்டில் ஒரு கோடியில் சித்தி, மறு கோடியில் மகள். நடுவில் சித்தியின் கைப்பை. தெருமுனை திரும்பியதும் வண்டி கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

"பின்னால யாரோ பெல்ட் போடலை," என்றார் டிரைவர்.

"நாங்க ரெண்டு பேரும் போட்டிருக்கோம்ப்பா. நடுவுல யாரும் இல்லை, பைதான் இருக்கு," என்றாள் சித்தி.

"கனமா இருந்தா வண்டி ஆளுன்னு நெனச்சுக்கும்மா. சும்மா மாட்டி விட்டுடுங்க, நிறுத்திடும்."

மகள் நடு சீட்டின் பெல்ட்டை இழுத்து, பையின் குறுக்கே கொண்டுவந்து மாட்டினாள். சத்தம் நின்றது.