நாய்க்கு எழுதிய மாத்திரை

அப்பாவின் கால் விரல்களை எடுத்த மறுவாரம், தம்பி வீட்டு நாயை இழுத்துக்கொண்டு அக்காவின் கிளினிக்குக்கு வந்தான். அக்கா கால்நடை மருத்துவர்.

"ஊசி போட்டு முடிச்சிடுக்கா. அப்பா சொல்லிட்டாரு. இதோட சொறிதான் அவர் காலுக்கு ஒட்டிக்கிச்சாம்."

அவள் நாயை மேசையில் மல்லாத்தினாள். அடிவயிறு முழுக்கச் சீழ்க்கொப்புளம், மயிர் உதிர்ந்த வட்டங்கள். எப்போதோ ஆறியிருக்க வேண்டிய புண். போன தடவை கொண்டுவந்தபோதே, தோல் காய்ந்தாலும் உள்ளே கிருமி உட்கார்ந்திருக்கும், நிறுத்தாதே என்று படித்துப் படித்துச் சொல்லி, ஒரு மாத ஆன்டிபயாடிக்கைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

"மாத்திரை முழுசாப் போட்டியா?"

தம்பி நாயின் வாலைப் பார்த்தான். "காஞ்சதும் நிறுத்திட்டேன்."

"மிச்சம் எங்க?"

"அப்பாவுக்குக் கால்ல புண்ணு வந்துச்சில்ல... அட்டையில மனுஷங்க மாத்திரை பேருதான் இருந்துச்சு. ஒரே மருந்துதானேக்கா? அவருக்கும் காஞ்ச மாதிரி இருந்துச்சு, விட்டுட்டேன்."

ஒரே மருந்துதான், அதில் பொய்யில்லை. ஆனால் சர்க்கரை நோயாளியின் காலுக்கு, நாயின் எடைக்கு எழுதிய அளவை அரைகுறையாய்க் கொடுத்தால் கிருமி சாகாது. மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும். போனில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்பாவை அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருப்பாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதக்கா. கடையில வாங்கினதுன்னு சொல்லியிருக்கேன். கட்டுப் பிரிக்கறதும் கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போறதும் நான்தான். என்னை விரட்டிட்டார்னா யாரு பார்ப்பா?"

அதுவும் நிஜம். ஆண்டவன் சில பேருக்கு மட்டும் குற்றத்தோடு அதற்கான நியாயத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறான்.

நாயைக் கிளினிக்கிலேயே கட்டிவிட்டு, மாலையில் தம்பியோடு வீட்டுக்குப் போனாள். அப்பா கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்தார்.

"அந்தச் சனியன் ஒழிஞ்சுதா?"

"அது என்னப்பா பண்ணுச்சு? வாயில்லா ஜீவன். அதுமேல பழியைப் போடாதீங்க."

"வேற யார் மேல போடறது? என் விரல் போனது சும்மாவா?"

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாய் திறப்பான் என்று அவளும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"என்மேலதாம்ப்பா. உங்களுக்குப் போட்ட மாத்திரை நான் கொடுத்தனுப்பினது. நாய்க்கு எழுதினது."

பொய்யென்று அவருக்கே தெரிந்துவிடும் என்று நம்பித்தான் சொன்னாள். பெற்று வளர்த்தவர் அல்லவா? 'நீ அப்படிச் செய்யற பொண்ணில்லையே' என்று ஒரு வார்த்தை வருமென்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நெனச்சேன்," என்றார் அப்பா. "அந்த நாயை நீயே வச்சுக்க. ரெண்டு பேரும் இந்த வீட்டுப் பக்கம் வரவேணாம்."

பிறகு மகன் பக்கம் திரும்பினார். "கட்டு நனைஞ்சிருக்கு, கொஞ்சம் பாரு கண்ணு."