விலைச்சீட்டோடு ஒரு கோட்

...இந்த ஜென்மங்களுக்கு வரிசையில் நிற்கக்கூடத் தெரியவில்லை, முன்னால் நிற்கிற தடியன் இப்போதுதான் ரசீதைத் துழாவுகிறான், அரை மணி நேரமாக இந்த விமான நிலையத்தில் நிற்கிறாயே, இதுவரை கை என்ன பூப்பறித்துக்கொண்டிருந்ததா... அவருடைய ரசீது கடையில் நிரப்பிய படிவத்தோடு, பாஸ்போர்ட் நகலோடு, குண்டூசி குத்தி உறைக்குள் இருக்கிறது. முப்பது வருஷம் தணிக்கை ஆபீசில் அடுத்தவன் பில்லில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர், சும்மாவா? சுற்றுலா வந்த வெளிநாட்டுக்காரன் ஊருக்குக் கிளம்பும்போது சாமானைச் சுங்க அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்கினால் கடையில் கட்டிய வரி திரும்பக் கிடைக்கும், ஆனால் சாமான் உபயோகிக்காததாக இருக்க வேண்டும், படிவத்தின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது, எவன் படிக்கிறான்? சகலை படித்தானா? போன வருஷம் சாமானைப் பெட்டியில் வைத்து விமானத்துக்கு அனுப்பிவிட்டு, வெறுங்கையோடு இந்த மாதிரி ஒரு ஜன்னலில் வந்து நின்று அசடு வழிந்தான், அதைக் கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டே வேறு சொல்கிறான், வெட்கங்கெட்டவன்...

பக்கத்தில் மனைவி இருமினாள். ஒரு வாரமாக இதே இருமல், கையில் அந்தக் கோட் பெட்டி. வந்த அன்றே குளிர் தாங்காமல் வாங்கியது, கடையில் எதையும் கைகாட்டிக் கேட்காதவள் அந்த நீலக் கோட்டை மட்டும் தானாகவே எடுத்தாள். "எனக்கு நல்லா இருக்குதாங்க?" என்று கண்ணாடி முன்னால் நின்று கேட்டாள், அவர் படிவத்தின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டே உம் கொட்டினார். "அப்படியே போட்டுக்கிட்டு வரட்டுமா?" "பைத்தியமா உனக்கு? போட்டா பழசாயிடும், வரி திரும்ப வராது. பத்து நாள் பொறுத்துக்கோ." பொறுத்துக்கொண்டாள். ஏரிக்கரையிலும் மலையிலும் அவருடைய ஸ்வெட்டர்களை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டி, முட்டைக்கோஸ் மாதிரி, மூக்கு சிவந்து... குளிர் என்ன ஆளையா விழுங்கிவிடும்? அதோ அந்தச் சிவப்புக் கோட்காரியைப் பார், வாங்கியதை உடம்பிலேயே மாட்டிக்கொண்டு, கைப்பக்கம் காப்பிக் கறையோடு ஜன்னலுக்குப் போகிறாள், மாட்டினாள், நன்றாக வேண்டும்... டொக். முத்திரை விழுந்துவிட்டது. அதிகாரி கோட்டை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். தூங்குமூஞ்சி, சட்டம் தெரியாத தடிமாடு, இவனுக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது?

அவர் முறை வந்தது. மூடியைத் திறந்து, விலைச்சீட்டை வெளியே இழுத்து, பார், நூல்கூட அறவில்லை என்று விரலால் தட்டிக் காட்டினார். டொக். அதிகாரி பெட்டிப் பக்கமே திரும்பவில்லை, அடுத்த ஆளைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

"வேலை முடிஞ்சுது, இப்ப போட்டுக்கோயேன்" என்றார். அவள் பெட்டிக்கு வெளியே தொங்கிய கோட்டின் கையை உள்ளே மடித்து மூடியை அழுத்தினாள். "இனிமே எதுக்குங்க? இறங்கினா நம்ம ஊரு வெயில்தானே." குரலில் கோபமில்லை, குத்தலும் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிற பில் மாதிரி எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை... அழுத்தக்காரி, பேசினால்தான் என்ன? முத்திரை விழுந்த படிவத்தைப் பணம் தரும் ஜன்னலுக்கு எடுத்துப் போகும்போது, ஃபோனில் இருக்கிற படங்களை நினைத்துக்கொண்டார், இருநூறு இருக்கும், ஒன்றிலாவது அந்தக் கோட் இருக்கிறதா? கண்ணாடி முன்னால் நின்றாளே, அப்போது காலரைத் தூக்கி விட்டிருந்தாளா, மடித்து விட்டிருந்தாளா, சிரித்தாளா... படிவத்தில் எழுதியிருந்தது ஒரு வரி விடாமல் ஞாபகம் இருந்தது.