அப்பாவின் இடுப்பு முப்பத்திரண்டு

எங்கள் அப்பாவின் இடுப்பு முப்பத்திரண்டு அங்குலம். இது அப்பா சொல்லும் கணக்கு. உண்மைக் கணக்கு அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் தெரியும். மூன்று பேருமே வாயைத் திறக்க மாட்டோம்.

அப்பா இந்த நாட்டுக்கு வந்தபோது பாஷை தெரியாது, ஆள் தெரியாது, தையல் மட்டும்தான் தெரியும். ஒரு பெரிய தொழிற்சாலையில் பேண்ட்டின் வலது காலுக்கு மட்டும் அடிமடிப்புத் தைக்கும் வேலை. இடது கால் பக்கத்து மெஷின்காரருடையது. முழுப் பேண்ட் ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற வெறியில்தான் சொந்தக் கடை வைத்தேன் என்பார். செருப்புக் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில், இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய கடை. பிறகு செருப்புக் கடையும் எங்களுடையதானது. இப்போது முன்பக்கம் அண்ணன் வாடிக்கையாளர்களைச் சிரித்துச் சமாளிக்கிறான். நடுவில் வெட்டும் மேஜையில் அப்பா, பின்னறை மெஷினில் அம்மா. காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் என் தலையில்.

கடை திறந்த நாளில் அப்பா தனக்கென்று ஒரு பழுப்புப் பேண்ட் தைத்துக்கொண்டார். ஒவ்வொரு வருஷமும் அதே நாளில் அதைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலை இடுப்புப் பட்டிக்குள் விட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். “அன்னைக்குத் தைச்சது. இன்னைக்கும் கச்சிதம்! ஊரு மாறிடுச்சு, நான் மாறலை” என்பார். மாறியது பேண்ட் என்பது அவருக்குத் தெரியாது. அதை எடுத்துப் பிரித்து, பெரிதாக்கி, இஸ்திரி போட்டுக் கொடுப்பது அம்மா. தன் துணியைத் தானே மடித்து வைக்கும் வழக்கம் அப்பாவுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது என்பதால் விஷயம் வெளியே வரவில்லை.

புதுப் பேண்ட் என்றால் இன்னும் கூத்து. அப்பா முப்பத்திரண்டில் வெட்டி அம்மாவிடம் தைக்கக் கொடுப்பார். தைத்ததும் அது அண்ணனுக்குப் போய்விடும். அதே துணியில் அம்மா தாராளமாக வேறொன்று வெட்டி அப்பாவுக்குத் தைப்பாள். இதனால் என் அண்ணன் தன் பேண்ட்டின் நிறத்தைத் தானே தேர்ந்தெடுத்ததே கிடையாது. ட்ரையல் ரூமில் முதுகைக் காட்டும் கண்ணாடியும் எங்கள் கடையில் இல்லை. வாங்கி மாட்டியதெல்லாம் அம்மா கை தவறி உடைந்துவிட்டன. ஊசியில் நூல் கோர்க்கும்போது அந்தக் கை ஒரு தடவைகூடத் தவறி நான் பார்த்ததில்லை.

அப்பாவோ மற்றவர்கள் இடுப்பு விஷயத்தில் படு கறார். “போன தடவைக்கு இப்ப ரெண்டு இன்ச் கூட. உங்க ரொட்டியை நீங்களே தின்னா கடை எப்படி ஓடும்?” என்று பேக்கரிக்காரரைக் கேட்பார். பாவம், அந்த மனிதர் அளவு கொடுக்க வரும் நாளில் காலையிலிருந்து பட்டினி கிடப்பார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் பட்டன்காரர் வந்து மாட்டினார்.

அவர் அடுத்த தெருக் கோட்டுக் கடையில் தையல்காரர், நம்ம பாஷைக்காரர். பட்டன் தீர்ந்துவிட்டது என்று எங்களிடம் கைமாற்றாகக் கேட்டு வந்தார். மறுநாள் திருப்பித் தர வந்தார். அதற்கும் மறுநாள், தந்தது வேறு ரகம் என்று மாற்றித் தர வந்தார். “ஒரு கோட்டுக்கு இத்தனை பட்டனா? பெரிய கோட்டா இருக்கும்போல” என்று அம்மா என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்?

அம்மாவுக்குச் சம்மதம், அண்ணனுக்கும் சம்மதம். அப்பா மட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் சொன்னார்: “பேச்சுல ஆளைத் தெரிஞ்சுக்க முடியாது. கல்யாணத்துக்கு எனக்குக் கோட்டும் பேண்ட்டும் அவன் தைக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்து என்னை அளக்கச் சொல்லு. கை எப்படின்னு பாத்துட்டுத்தான் பொண்ணு.”

சனிக்கிழமையே பட்டன்காரரைப் பேக்கரி வாசலில் பிடித்து நிறுத்தினேன். அம்மாவும் கூட வந்தாள்.

“இடுப்பு வரும்போது முப்பத்திரெண்டுன்னு சொல்லிடுங்க” என்றேன்.

“உண்மையில எத்தனை?”

“அதைக் கேக்காதீங்க.”

“அளவுல எப்படிங்க பொய் சொல்றது? என் நாக்கு அப்படி வராதே.”

“வாயில முப்பத்திரெண்டு சொல்லுங்க தம்பி, துணியில நாப்பது வெட்டுங்க” என்றாள் அம்மா. “எங்க வீட்ல அப்படித்தான் வழக்கம்.”

அவர் தலையை மேலும் கீழுமாகவும் ஆட்டினார், பக்கவாட்டிலும் ஆட்டினார். எனக்கு வேண்டியதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தப் பழுப்புப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கடை நடுவில் விறைப்பாக நின்றார். பட்டன்காரர் கழுத்தில் டேப்போடு வந்தார். அண்ணன் எழுத உட்கார்ந்தான். அம்மா பின்னறையில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊசியில் நூலே இல்லை என்பதை நான் மட்டும் பார்த்தேன்.

தோள், மார்பு, கை நீளம். ஒவ்வொன்றையும் அவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் மலர்ந்தது. “எடது தோள் கால் இன்ச் எறக்கம்” என்று அவர் சொன்னதும், “கண்டுபிடிச்சிட்டியே! கெட்டிக்காரன்!” என்று பூரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இனி ஒரே ஒரு பொய்தான் பாக்கி.

டேப் இடுப்பைச் சுற்றியது. அவர் எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் எண்ணைப் பார்த்தார்.

“நாப்பது” என்றார்.

அண்ணனின் பேனா நின்றது. மெஷினும் நின்றது.

“திரும்ப எடு” என்றார் அப்பா.

“நாப்பதுதாங்க ஐயா.”

“எங்க டேப்புல எடு.”

எங்கள் டேப்பும் துரோகம் செய்தது. அப்பாவின் முகம் சிவந்தது. “இடுப்பு எங்க இருக்குன்னே தெரியாதவனுக்கு என் பொண்ணைக் குடுக்க முடியாது. போயிட்டு வாப்பா.”

அவர் டேப்பைச் சுருட்டினார். “மன்னிச்சுடுங்க ஐயா. ஆனா அது நாப்பதுதான்” என்று சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு எண், ஒரே ஒரு எண்ணைச் சொல்லத் துப்பில்லையே! அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது.

“தம்பி, நில்லுங்க” என்றபடி அம்மா எழுந்து வந்தாள். “என்னங்க, அவர் சரியாத்தான் சொன்னார். உள்ள போய் அந்தப் பேண்ட்டைக் கழட்டிப் பின்பக்கத்தைப் பாருங்க.”

அப்பா ட்ரையல் ரூமுக்குள் போனார். பிறகு திரைக்கு மேலே அவர் தலை மட்டும் வந்தது. திரை ஓரமாகப் பேண்ட்டும் ஒரு கையும் வந்தன. பேண்ட் உட்புறம் வெளியே தெரியத் திருப்பியிருந்தது. பின்தையலில் அதே பழுப்புத் துணியில் ஒட்டுக்கு மேல் ஒட்டு, ஒவ்வொரு ஒட்டும் ஒவ்வொரு நிற நூலில்.

“இது உன் தையல்” என்றார் அப்பா.

“ஆமா.”

“இந்த வெள்ளை நூலு?”

“நர்ஸ் உடுப்பு ஆர்டர் வந்தப்ப. மெஷின்ல அப்ப அதுதான் இருந்துச்சு. அந்த வருஷந்தான் நீங்க மத்தியானம் சாப்பிட ஆரம்பிச்சீங்க.”

“பச்சை?”

“பள்ளிக்கூடத்துத் திரைச்சீலை. செருப்புக் கடையை எடுத்தோமே, அந்த வருஷம்.”

அப்பாவின் விரல் ஒவ்வொரு நூலாக நகர்ந்தது. அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார் கடைசியில்.

“சொன்னா? கடை தெறந்த புதுசுல இது கொஞ்சம் இறுக்குச்சு. ‘நான் ஜாஸ்தி திங்கறேன், குடும்பத்துக்குப் பத்தாது’ன்னு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினீங்க. அப்புறம் மயக்கமாகி மெஷின் மேலயே விழுந்து, யாரோ ஒருத்தர் கோட்டுக் கையை உங்க சட்டையோட சேத்துத் தைச்சு வெச்சிருந்தீங்க. பிரிச்செடுத்தது நான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே அளவு உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு. நீங்க ஒரு இன்ச் ஏறினப்பல்லாம் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? நமக்கு இந்த ஊர்ல சோறு கிடைச்சிடுச்சுன்னு இதைப் பாத்துத்தான் நான் நம்பினேன்.”

எனக்கு அது தெரியாது. அப்பாவின் வீம்புக்குப் பயந்து அம்மா நடத்தும் நாடகம் என்றுதான் இத்தனை நாள் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. அண்ணனோ தலையைக் குனிந்து, தான் போட்டிருந்த சாம்பல் நிறப் பேண்ட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

தலை திரைக்குள் மறைந்தது. திரும்ப வெளியே வந்தபோது அப்பா, டெலிவரிக்காக உள்ளே தொங்கிக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் பேண்ட்டைப் போட்டிருந்தார். அப்பாவுக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. சிரிக்கத் துணிவில்லாமல் அண்ணன் இருமினான்.

அப்பா நேராகக் கதவருகே நின்றவரிடம் போனார். கைகளை விரித்தார்.

“டேப்பை எடு.”

அவர் தயங்கித் தயங்கி டேப்பைச் சுற்றினார். அப்பா கண்ணை மூடி, இத்தனை வருஷமாக உள்ளே இழுத்துப் பிடித்திருந்த வயிற்றை மெல்ல விட்டார். டேப் அளந்தவரின் விரல்களுக்கு நடுவே நழுவி நீண்டது.

“நாப்பத்தி ரெண்டரை” என்றார் பட்டன்காரர்.

“எழுதிக்கடா” என்று அண்ணனிடம் சொன்ன அப்பா, அவர் தோளில் கையை வைத்தார். “முதல்ல எடுத்தது தப்பு, மாப்பிள்ளை.”