அடித்தவர் வாயால் சொல்ல வேண்டும்

என் மனைவி நிருஜா கெண்டோ பழகினாள். நான் ஃபென்சிங் பழகினேன். இரண்டும் வாள் விளையாட்டுத்தானே என்று வெளியாட்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டால் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும் வரைக்கும் பதில் வரும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் கட்டடங்களில் லிஃப்ட் திருத்துகிற வேலை. அவள் மார்க்கம் நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. முப்பத்தைந்து வயது தாண்டிய பிறகுதான் ஆளுக்கொரு வாளைக் கையில் எடுத்தோம். என்னுடையது மெல்லிய எஃகு வாள். ஒரு கையால் பிடிப்பது. அதன் நுனி எதிராளியில் பட்டால் உடனே லைற் எரியும். அவளுடையது நான்கு மூங்கில் பட்டிகளைச் சேர்த்துக் கட்டியது. இரண்டு கையாலும் பிடித்து, வெறுங்காலால் தரையை உதைத்து, தலையிலோ மணிக்கட்டிலோ விலாவிலோ அடிக்க வேண்டும். எந்த இடத்தில் அடிக்கிறோம் என்பதை அடிக்கும்போதே உரத்துச் சொல்லவும் வேண்டும். குரலும் வாளும் காலும் ஒன்றாக விழாவிட்டால் அந்த அடி கணக்கில் இல்லை.

"ஊர்ல சிலம்பம் இரிக்கக்குள்ள உங்களுக்கு ஏன் சப்பான்காரன்ட கம்பு?" என்று அவளுடைய அக்கா மனோரஞ்சிதம் கேலி செய்வா. நிருஜா சிரிப்பாள். என்னோடு மட்டும்தான் வாதாடுவாள்.

"மெசின் பொய் சொல்லாது நிரு. ஆர் முதல் குத்தினது எண்டதில சந்தேகமே இல்ல" என்பேன்.

"மெசின் சொல்றதுக்காக நான் ஏன் விளையாடணும்? அடிச்சது நான். நான்தான் சொல்லணும்" என்பாள்.

சென்ற பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை எட்டோபிக்கோ என்ற இடத்தில் அவளுக்குப் போட்டி இருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் எதிராளியின் தலையில் அவள் போட்ட அடி என்னையே மயிர்க்கூச்செறிய வைத்தது. மூன்று நடுவர்களும் அவள் பக்கத்துக்குரிய வெள்ளைக்கொடியைத் தூக்கினார்கள். நிருஜா சந்தோசத்தில் இடது கையைச் சற்றே உயர்த்திவிட்டாள். அவ்வளவுதான். நடுவர்கள் தங்களுக்குள் பேசி அந்தப் புள்ளியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தில் அவள் தோற்றாள்.

வீடு திரும்பும்போது பின்னேரம் நாலரை மணி. பனி தூறிக்கொண்டிருந்தது. நான் கார் ஓட்டிக்கொண்டே அவளைச் சீண்டினேன்.

"சந்தோசப்பட்டதுக்கு அடிச்ச அடியப் பறிக்கிற விளையாட்டு உலகத்தில வேற எங்க இரிக்கு?"

"அடிச்ச மறுகாவும் கவனமா நிக்கணும். எதிராள் இன்னும் நிக்கிறாள்தானே? முடிஞ்சுது எண்டு நினைக்கிறவளுக்குப் புள்ளி ஏன்?" என்றாள். அவள் கோபப்படவே இல்லை. தோற்றது நியாயம்தான் என்கிற முகத்தோடு இருந்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் முறையில் கை எப்படிப் போய் எப்படித் திரும்புகிறது என்று காட்டுவதற்காக வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, அவள் பக்கம் திரும்பி, விரல்களை நீட்டிக் குத்திக் காட்டினேன்.

ஸ்டீல்ஸ் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்திருந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு பிக்கப் ட்ரக் அவள் பக்கத்துக் கதவில் வந்து மோதியது.

எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. நிருஜாவுக்கு முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு திரும்பாது என்று நான்காம் நாள் டொக்டர் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு தண்ணீர் வேண்டும் என்றாள்.

பொலிஸ்காரர் அவளுடைய கட்டிலுக்கு வந்து விசாரித்தபோது நான் கதவருகில் கையைத் தூக்குத்துணியில் போட்டபடி நின்றேன். "பனி. கார் வழுக்கிட்டுது" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நானும் தலையை ஆட்டினேன். சந்தியில் கமெரா இருக்கவில்லை. விசயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஜூனில் வீட்டுக்கு வந்தாள். நான் வாசலுக்குச் சரிவுப்பலகை போட்டேன், குளியலறைக் கதவைக் கழற்றி அகலமாக்கினேன், காலையில் அவளைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் இருத்தினேன். அவள் ஒவ்வொரு தடவையும் "தேங்ஸ்" என்பாள். அதற்கு மேல் எதுவும் இல்லை. சமையலைப் பற்றியும் அப்பொயின்மென்ற் பற்றியும் பேசினோம். வாளைப் பற்றிப் பேசவில்லை.

செப்ரெம்பரில் ஒரு புதன்கிழமை, "கெண்டோவுக்குப் போகணும்" என்றாள். கூட்டிப்போனேன். அங்கிருந்த ஒரு பெரியவர் மறுப்பு ஏதும் சொல்லாமல் அவளுக்கு இடம் ஒதுக்கினார். அவர்தான் அங்கே ஆசிரியர், சென்செய் என்பார்கள். அவளோடு பழகிவந்த ஷரோன் எதிரில் வந்து நின்றாள். ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை, இருபத்தெட்டு வயது, வாளோடு அவளைக் கண்டால் எல்லோரும் பின்வாங்குவார்கள். அன்றைக்கு ஷரோன் வாளை ஒரு பக்கம் சாய்த்து, தலையைக் காட்டிக்கொண்டு நின்றாள். நிருஜா அடித்தாள். ஷரோன் மறுபடியும் காட்டினாள். மறுபடியும் அடித்தாள். மூன்றாவது தடவை நிருஜா வாளை மடியில் வைத்துவிட்டாள்.

"ஏன் கதவத் திறந்து வெச்சிக்கொண்டு நிக்கிறாய்?"

"சொறி அக்கா… ஐ ஜஸ்ற்… எனக்கு உங்கள அடிக்க ஏலாது." ஷரோன் முகக்கவசத்துக்குள் அழுதாள்.

காரில் வரும்போது நிருஜா சொன்னாள்: "அவளில பிழை இல்ல. கால் உதைக்காம அடிச்சா அது அடியில்ல எண்டு எனக்கே தெரியும்."

எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. இயாய்தோ என்று ஒன்று இருக்கிறது, உறையிலிருந்து வாளை உருவித் தனியே பழகுவது, இருந்தபடியே செய்கிற முறைகளும் உண்டு என்று தேடிப் பிடித்துச் சொன்னேன்.

"எதிரில ஆரும் இல்லாம காத்த வெட்டுறதா? வேணாம். எனக்கு ஒராள் வேணும். திருப்பி அடிக்கிற ஆள்."

"அப்ப எங்கட கிளப்புக்கு வா. சக்கர நாற்காலி ஃபென்சிங் இரிக்கு. பராலிம்பிக்கிலயே வைக்கிறாங்க. உங்கட ஆக்களிட்ட இல்லாதது எங்களிட்ட இரிக்கு நிரு."

இதைச் சொன்னபோது உள்ளுக்குள் எனக்கு ஒரு வெற்றி உணர்ச்சி வந்தது. இன்றைக்கும் அதை நினைத்து வெட்கப்படுகிறேன்.

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை காலை வந்தாள். இரண்டு நாற்காலிகளை இரும்புச் சட்டத்தில் அசையாமல் பூட்டினார்கள். ஒன்றில் அவள். மற்றதில் நான். வாளின் வயரைக் கொழுவினோம். இத்தனை வருச வாதத்துக்குப் பிறகு நானும் அவளும் எதிரெதிரே வாளோடு இருந்தது அதுதான் முதல் தடவை.

அவள் ஒரு கையால் வாள் பிடித்துப் பழகாதவள். ஆனாலும் கண் கூர்மையாக இருந்தது. முதல் குத்தில் அவள் பக்கத்து லைற் எரிந்தது. அது உண்மையாகவே அவளுடையது. இரண்டாவது குத்துக்கு நான் கையைப் பிந்தவிட்டேன். மூன்றாவதற்கும். ஐந்து குத்து ஆட்டத்தில் ஐந்தும் அவளுக்கே எரிந்தன. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

நிருஜா முகக்கவசத்தைக் கழற்றினாள். வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"நீங்க விட்டுத் தந்தீங்க."

"இல்ல."

"உங்கட மெசினுக்கு அது தெரியல்ல பாத்தீங்களா? பட்டா எரியும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எங்கட இதில அடிச்ச ஆள் வாயால சொல்லணும். நீங்க எனக்கு இன்னும் சொல்லல்ல."

என் நாற்காலி சட்டத்தில் பூட்டியிருந்தது. எழும்பவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

"நான்தான்" என்றேன். "ரோட்டப் பாக்கல்ல. கைய எடுத்திட்டன். சிவப்பு விழுந்தது எனக்குத் தெரியாது. பனியில்ல நிரு, நான்தான்."

"தெரியும். பக்கத்தில இருந்தது நான்தானே."

"அப்ப ஏன் பொலிசிட்ட அப்பிடிச் சொன்னாய்?"

"அவங்களுக்குச் சொல்றது என்ட வேலை இல்ல. எனக்கு நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்தன். ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள, பிறகு ஒவ்வொரு நாளும் விடியத் தூக்கி இருத்தக்குள்ள, இண்டைக்குச் சொல்லுவார், இண்டைக்குச் சொல்லுவார் எண்டு… எட்டு மாசம்." முகக்கவசத்தை மடியில் வைத்தாள். "இதயும் நான் கேட்டுத்தானே வாங்க வேண்டியிருந்துது."

நான் அழுதேன். அவள் அழவில்லை. பயிற்சியாளரைக் கூப்பிட்டு, வயரைக் கழற்றிவிடச் சொன்னாள்.

நவம்பரில் அவள் மில்லிக்கனில் இருக்கும் அக்காவின் வீட்டுக்குப் போனாள். அங்கே படியே இல்லை, எல்லாம் ஒரே தளம் என்று காரணம் சொன்னாள். அந்தக் காரணத்தை நானும் மனோரஞ்சிதம் அக்காவும் நம்புவதுபோல நடந்துகொண்டோம். உடுப்புகள், மருந்துகள், மூங்கில் வாள், கவசப் பை எல்லாவற்றையும் நான்தான் காரில் ஏற்றினேன். "எப்ப வருவாய்?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அவள் கெண்டோவை விடவில்லை என்பதை ஷரோன்தான் போனில் சொன்னாள். சென்செய் எல்லோரையும் வரிசையில் இருத்தி, நிருஜாவுக்கு வேகம் குறைத்து அடிக்கிறவர் அவளை அவமதிக்கிறார் என்று சொன்னாராம். "நேற்று அக்காட மணிக்கட்டில ஹார்ட்டா அடிச்சிட்டன் அங்கிள். பேர்ப்பிளா வீங்கிட்டுது. அவ எனக்கு தேங்ஸ் சொன்னா" என்றாள்.

டிசெம்பரில் ஒரு புதன்கிழமை மாலை நானும் போனேன். உடற்பயிற்சிக் கூடத்தின் ஓரத்தில் ஒரு நீட்டு வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நிருஜா கண்டாள், ஆனால் நிறுத்தவில்லை. நாற்காலியின் சக்கரங்களைப் பூட்டிக்கொண்டு ஒவ்வொருவரையும் வரச் சொன்னாள். வந்தவர்கள் கத்திக்கொண்டு வந்து அவள் தலையில் அடித்தார்கள். அவளும் கத்திக்கொண்டு அடித்தாள். பன்னிரண்டு வருசம் கூட வாழ்ந்த எனக்கு அந்தக் குரல் புதிதாக இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாத ஒருத்தியிடமிருந்து அவ்வளவு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கவில்லை. அவளுடைய அடிகளில் ஒன்றுகூடப் போட்டியில் புள்ளியாகாது. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். அவளுக்கும் தெரியும்.

முடிந்ததும் வரிசையாக வணங்கினார்கள். அவள் வெளியே வந்தபோது நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கார் முன்னுக்கு நிக்குது. கொண்டுபோய் விடவா?"

"வேணாம். வீல்-ட்ரான்ஸ் புக் பண்ணிரிக்கன்."

வான் வந்தது. சாரதி இறங்கி நாற்காலியை வானின் தூக்குமேடையில் ஏற்றிக் கொழுவினார். மேடை மெல்ல உயர்ந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கன்னத்தில் முகக்கவசம் அழுத்திய தடம் சிவந்திருந்தது.

"அடுத்த புதன் வாறதெண்டா வாங்க" என்றாள். "ஆனா கதைக்க வேணாம். இன்னும் எனக்கு ஏலாது."

"சரி" என்றேன்.

சாரதி கதவை இழுத்துச் சாத்தினார். வான் பார்க்கிங்கைச் சுற்றிப் போய் வீதியில் ஏறியது. நான் காருக்குள் ஏறி, கண்ணாடியில் படிந்திருந்த பனி கரையும் வரைக்கும் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தேன். பிறகு ஆளில்லாத வீட்டுக்குப் போனேன்.