கஜீவனின் பங்கு

"எங்கட சாப்பாடு ஒரு வாய் உள்ள போனாலும் இவன் அவுட். சரியோ அங்கிள்?"

செலீன் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நவரட்ணம் சிரிக்கவில்லை.

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய் பழக்கிக் கொடுக்கும் நிறுவனத்தில் கனடாவின் ஸ்காபரோ பகுதிக்கு மேற்பார்வையாளர் அவள். மாதம் ஒருமுறை டோர்செட் பார்க்கில் அவர்களுடைய ஒன்பதாம் மாடிக்கு வந்து டெக்ஸைப் பார்த்துவிட்டுப் போவாள். கறுப்பு லாப்ரடோர். வயது பதினாலு மாதம் முடிந்துவிட்டது. இன்னும் ஒன்பது நாளில் பெரிய பயிற்சிக்குத் திரும்ப வேண்டும்.

தொண்டராகப் பதிந்து அவனை வளர்க்க எடுத்து வந்தது நவரட்ணத்தின் மகன் கஜீவன். குட்டி வந்த பதினாறாம் நாள், 401 நெடுஞ்சாலையில் பனியில் சறுக்கிய ட்ரக் ஒன்று கஜீவனைக் கொண்டு போனது.

செத்தவீடு முடிந்து குட்டியைத் திருப்பி எடுக்க வந்த செலீனைத் தாய் கமலாம்பிகை வாசலிலேயே மறித்தாள்.

"விடு பிள்ளை. அவன் தொடங்கினதை நான் முடிக்கிறன். இவன் ஆருக்காவது கண்ணாய்ப் போகவேணும். இல்லாட்டி என்ர பிள்ளை இருந்ததுக்கு அடையாளம் என்ன?"

அதுவரை தனியாகப் பஸ் ஏறாதவள், நாய்க்குச் சத்தம் பழக்க சப்வேயில் இறங்கினாள். கூட்டம் பழக்க மோலுக்குப் போனாள். "ஸிட்", "வெயிற்" என்று அவள் சொன்னால் டெக்ஸ் கல்லாய் நிற்பான். ஒரு வருடம் அவளை மூச்சு விட வைத்தது அந்த நாய்தான். நவரட்ணத்துக்கு அது தெரியும்.

சனிக்கிழமை கஜீவனின் ஆட்டத்திவசம், முதலாம் ஆண்டுத் திதி.

கமலாம்பிகை விடியவே எழும்பிச் சமைத்தாள். மகனின் படத்துக்கு முன் படைத்து, காகத்துக்கு வைக்க வேண்டிய பங்கை வாழையிலையில் எடுத்துக் கணவரிடம் கொடுத்தாள்.

"காகம் எடுத்தாப்பிறகுதான் நாங்கள் சாப்பிடுறது. விளங்குதோ?"

பல்கனியில் வைக்க வழியில்லை. புறா வராமல் பில்டிங்காரன் வலை அடித்திருந்தான். ஒரு கையில் இலை, மறு கையில் டெக்ஸின் கயிறு. நவரட்ணம் கீழே கார் பார்க்கிங்குக்குப் போனார்.

மைனஸ் பதினாலு. நாற்பது நிமிடம் நின்றார். காகம் ஒன்றும் வரவில்லை. அணில் ஒன்று வந்தது. துரத்தினார்.

மேலே படத்துக்கு முன் ஒருத்தி பட்டினியாக இருக்கிறாள். வரவில்லை என்று போய்ச் சொன்னால், பிள்ளை கோபமாய்ப் போய்விட்டான் என்று அழுது விழுவாள். குப்பையில் கொட்டவும் மனம் வரவில்லை.

கீழே பார்த்தார். டெக்ஸ் வாலை ஆட்டினான்.

'அவன்ர பங்கை அவன்ர நாய் தின்னட்டும்.'

இலை அரை நிமிடத்தில் சுத்தமானது.

"எடுத்ததோ?" என்றாள் கமலாம்பிகை, கதவிலேயே.

"ஓம். ரெண்டு காகம் வந்தது."

ஒரு வருடத்தில் முதல்முறையாக அவள் சிரித்தாள்.

மாலை நாலரைக்கு டெக்ஸ் நுரை நுரையாய்ச் சத்தி எடுத்தான். ஐந்து மணிக்கு மறுபடியும். கமலாம்பிகை செலீனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அன்ரி, வேற ஏதும் சாப்பிட்டவனோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

கமலாம்பிகை கணவரைப் பார்த்தாள். "கீழ கொண்டு போனீங்கள். என்னத்தையும் பொறுக்கினவனோ?"

ஒரு வாய் போனாலும் அவுட். நவரட்ணம் போனைப் பார்த்துச் சொன்னார்.

"சீ. நான் கயிறை விடேல்லயே."

"அப்ப வயிற்றுக் குழப்பமாய் இருக்கும்" என்றாள் செலீன். "தண்ணி மட்டும் குடுங்கோ. திங்கள் காட்டுவம்."

ஞாயிறு முழுக்க டெக்ஸ் எழும்பவில்லை. கமலாம்பிகை தரையில் அவனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். நவரட்ணம் மூன்று தடவை வாயைத் திறந்தார். மூன்று தடவையும் தேத்தண்ணி வேணுமோ என்றுதான் கேட்டார்.

திங்கள் காலை, மிருக வைத்தியசாலை. வைத்தியர் இரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தார். செலீன் மொழிபெயர்த்தாள்.

"அன்ரி, ரெண்டு கிட்னியும் நிண்டுட்டுது. உலர்ந்த திராட்சை ஏதும் திண்டவனோ எண்டு கேக்கிறா. நாய்க்கு அது நஞ்சு."

"எங்கட வீட்டில அது எங்கால..."

கமலாம்பிகையின் குரல் பாதியில் நின்றது. பாயாசம். கஜீவனுக்கு விருப்பம் என்று இரண்டு பிடி கூடப் போட்டது அவளுடைய கைதான்.

மெதுவாகத் திரும்பினாள்.

"காகம் வந்ததோ?"

நவரட்ணம் தலையை ஆட்டினார். இல்லை.

"எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"முழுக்க."

வைத்தியர் ஏதோ சொன்னார். செலீன் அதை மொழிபெயர்க்கவில்லை. கமலாம்பிகை விடவில்லை.

"சொல்லு பிள்ளை."

"சனிக்கிழமை பின்னேரமே தெரிஞ்சிருந்தா... வயித்தைக் கழுவி இருக்கலாமாம்."

இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். சிறுநீர் ஒரு துளியும் இறங்கவில்லை. புதன் மத்தியானம் செலீன் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்தாள்.

"அன்ரி, ஒஃபிஸ் முடிவெடுத்திட்டுது. அவன் வேதனைப்படக் கூடாது."

"நான் சைன் வைக்க வேணுமோ?"

"இல்லை அன்ரி. நீங்கள் வளத்தனீங்கள், அவ்வளவுதான். நாய் நிறுவனத்தின்ர." அவளுக்கே அது சுட்டிருக்க வேண்டும். "பக்கத்தில ஒராள் நிக்கலாம்."

கமலாம்பிகை எழும்பவில்லை. "நான் சமைச்சது அவனைக் கொண்டுட்டுது. எந்த முகத்தோட உள்ள போறது?"

நவரட்ணம் போனார்.

மேசையில் டெக்ஸ் கறுப்புத் துணி மாதிரிக் கிடந்தான். அவரைக் கண்டதும் தலையைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. மூக்கை மட்டும் நகர்த்தி அவருடைய உள்ளங்கையை மோந்தான். விரல்களுக்கிடையில் நக்கினான். இன்னும் கொஞ்சம் இருக்குமா என்று தேடுகிற மாதிரி.

ஊசி ஏறியது. நாக்கு நின்றது.

வெளியே வந்தபோது கமலாம்பிகை கோட்டுப் போட்டு நின்றாள்.

"என்ன செய்தவன்?"

"உம்மைத்தான் தேடினவன், கமலம்."

அவள் அவருடைய முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு ஈரமாய் இருந்த அவருடைய கையை.

"இப்பவும் பொய்."

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள். கார்ச் சாவியைத் தேடிக்கொண்டு அவர் கண்ணாடிக் கதவுக்கு வருவதற்குள் பஸ் வந்து நின்றது. அவள் ஏறினாள்.

அது வீட்டுப் பக்கம் போகிற பஸ் அல்ல.